மழை நாளில் புதுச்சேரி: முதியவரும் குழந்தையுமாக ஒரு பகலைக் கழிப்பது எப்படி?

வினா: உறையூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை மாதத்தின் இரண்டாம் வாரத்தில், வெள்ளிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்புவதாக இருக்கிறோம். ஆகவே எங்களுக்கு முழுதாகக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். என் தந்தையாரும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளும் உடன் வருகிறார்கள். தந்தையார் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாரதியார் வாழ்ந்த வீட்டை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். முழங்கால் வலியால் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார். தை மாதத்தில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடக்கவிருப்பதால் பயணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. மகளுக்கோ கடலைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச்சே இல்லை.

புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைக் கைவிட்டுவிடுவோம். வெறும் மழை என்றால் வந்தே தீருவோம். அப்படி வந்தால், மழை கொட்டும் ஒரு பகலை விடுதி அறையிலேயே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு கழிக்காமல் இருக்க என்ன செய்யலாம்? எந்தத் தெருக்களில் தண்ணீர் தேங்கும்? குழந்தைக்குக் கடலைப் பாதுகாப்பாகக் காட்ட முடியுமா? அருகிலேயே கடலூர் இருப்பதால், அரை நாளை அங்கே கழித்துத் திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கும் போய்வரலாமா என்று தந்தையார் கேட்கிறார். இரண்டு ஊர்களையும் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: முத்தியால்பேட்டைக்காரர்

ஐயா, வணக்கம். கார்த்திகை மழையில் வருவது பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இங்கே பெய்யும் மழை ஒரே வகை அன்று என்பதைத்தான். அதைத் தெரிந்துகொண்டால் நாளைத் திட்டமிடுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தாழ்வு மண்டலம் ஏதும் இல்லாத நாட்களில், மேகங்கள் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து கொட்டிவிட்டு நகர்ந்துவிடும். இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றைக் கரையோரத்தில் எதிர்கொள்வதால், நள்ளிரவுக்குப் பின்னும் விடியற்காலையிலும் மழை வலுப்பதும், பத்துப் பதினொரு மணிக்குமேல் தணிந்து இடைவெளி கொடுப்பதும் இந்தக் கடற்கரையின் பொது இயல்பு. ஆகவே காலையில் சன்னலைத் திறந்ததும் பெருமழையைப் பார்த்துவிட்டு, நாளே போயிற்று என்று மனம் சோர வேண்டாம். தாழ்வு மண்டலம் கரையை நெருங்கும் நாட்களில் நிலை வேறு. அப்போது காலை மாலை என்ற கணக்கெல்லாம் கிடையாது, நாள் முழுவதும் விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும்.

வானிலை ஆய்வு மையத்தின் சொற்களையும் அளவோடு சேர்த்துப் படியுங்கள். 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் 20.4 செ.மீ. வரை மிக கனமழை. அதையும் கடந்தால் அதி கனமழை. கனமழை என்ற அளவுக்குள் இருக்கும்வரை புதுச்சேரியின் பழைய நகரப் பகுதியில் குடையுடன் ஒரு பகலை நன்றாகவே கழிக்கலாம். மிக கனமழை என்றால் விடுதிக்கு அருகில் இருக்கும் ஓரிரு இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதி கனமழை என்ற சொல் வந்துவிட்டால், தந்தையாரின் முழங்காலை எண்ணியாவது பயணத்தைக் கைவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊருக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் அதிகமாகப் பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், பாவாணர் நகர் முதலிய பகுதிகளில் மக்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் தவித்தார்கள். இந்திரா காந்தி சதுக்கமோ நடுத்தரமான மழைக்கே நிரம்பிவிடும் இடம். புதிய பேருந்து நிலையத்திலிருந்து வரும்போது அந்தப் பக்கத்தைத் தவிர்க்குமாறு ஆட்டோ ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை என்றால், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பாருங்கள். கடற்கரையை ஒட்டிய அந்தப் பகுதி சற்று மேடானது என்பதால் தெருவில் விழும் நீர் விரைவில் வடிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் பார்க்க வேண்டிய இடங்கள் அனைத்தும் அங்கிருந்து மிக அருகில் இருப்பதுதான். மழை நாளில் ஊர் முழுவதையும் சுற்ற முயல்வதைவிட, ஒரு சிறு வட்டத்துக்குள் நின்று நிதானமாகப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அந்த வட்டத்தின் நடுவில் பாரதி பூங்கா இருக்கிறது. பூங்காவின் நடுவே நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபம், முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாகப் பிரெஞ்சுக்காரர் கட்டியது. ஆயி என்ற பெண்மணி தன் மாளிகையை இடித்துவிட்டு அங்கே குளம் வெட்டினாள் என்ற கதையை மழை நாளில் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். குழந்தைகள் அதைக் கேட்டால் மறப்பதில்லை. பூங்காவை ஒட்டிய செயின்ட் லூயி தெருவில் புதுச்சேரி அருங்காட்சியகம் உள்ளது. அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த மணிகளும் பானை ஓடுகளும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே பயன்படுத்திய கட்டிலும் அங்கே இருக்கின்றன. அரிக்கமேடு திறந்தவெளி, மழையில் சேறாகிவிடும் என்பதால் அங்கே போக வேண்டாம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து வெளிக்கொணர்ந்த, ரோமானியரோடு நடந்த வாணிகத்தின் தடயங்களை நனையாமல் இந்தக் கூடங்களிலேயே பார்த்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை, உங்களுக்குச் சனிக்கிழமை என்பதால் இடையூறு இல்லை.

இனி, உங்கள் தந்தையாருக்கான இடம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர் குடியிருந்த வீடு ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. இந்த வீட்டை வெயில் நாளில் பார்ப்பதைவிட மழை நாளில் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. 1916-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியைக் கடும் புயல் தாக்கியபோது பாரதியார் மனைவி மக்களோடு இந்த ஊரில்தான் இருந்தார். அந்த இரவை ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அமைத்துப் பாடலாக எழுதினார். புயலுக்குத் தப்பி நின்ற ஒரு தென்னந்தோப்பைப் பற்றியும் தனியே பாடினார். முதற்பாடலின் தலைப்பை ஒட்டி நாளையும் அவரே குறித்திருக்கிறார்: நள ஆண்டு, கார்த்திகை மாதம் 8-ஆம் நாள், புதன் இரவு. நீங்கள் வருவதும் கார்த்திகை இரண்டாம் வாரம். தமிழாசிரியரான உங்கள் தந்தையாருக்கு இந்த இரண்டு பாடல்களும் மனப்பாடமாகவே இருக்கக்கூடும். கூரையில் மழை விழும் ஓசையோடு, அந்த வீட்டுக்குள் நின்று அவரைப் பேத்திக்குச் சொல்லச் செய்யுங்கள். எந்த வழிகாட்டியும் அதைவிட நன்றாக அந்த வீட்டைக் காட்டிவிட முடியாது.

அங்கிருந்து மணக்குள விநாயகர் கோயிலும் அரவிந்தர் ஆசிரமமும் மிக அருகில். கோயில் கூரையிட்டது என்பதால் உள்ளே நனைய மாட்டீர்கள். ஆனால் நனைந்த கால்களோடு பலர் நடப்பதால் தரை வழுக்கும்; தந்தையாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆசிரமத்தில் சமாதி இருக்கும் முற்றத்தில் பேச்சு ஒலியே இருக்காது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் அனுமதி இல்லை, உங்கள் மகள் வரலாம்.

பிற்பகலில் மழை ஓய்ந்தால் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த பகுதிக்குப் போங்கள். வெளிநாட்டவர் எழுதும் பயணக் குறிப்புகளால் மஞ்சள் சுவர்களைக் கொண்ட பிரெஞ்சுத் தெருக்களே புதுச்சேரி என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. மழைக்கு ஏற்ற வீட்டைக் கட்டியவர்கள் வாய்க்காலின் மேற்கே இருந்தவர்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், அதன் உட்புறம் திண்ணையும் இருப்பதால், வழியில் போகிறவர் யாராக இருந்தாலும் மழைக்கு ஒதுங்கி நிற்கலாம். உள்ளே முற்றத்தில் விழும் நீரைச் சுற்றி நான்கு புறமும் மக்கள் நனையாமல் நடமாடுவார்கள். வைசியாள் தெருவில் இத்தகைய வீடுகளைப் பழுதுபார்த்துப் பழைய தோற்றத்தோடு மீட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு தாழ்வாரத்தில் நின்றபடி தெருவில் மழை பெய்வதைப் பார்ப்பது, பணம் கொடுத்துப் பார்க்கும் எதற்கும் குறைந்தது அன்று.

கடலைப் பற்றிக் கேட்டீர்கள். காந்தி சிலைக்கு அருகே, கடலை ஒட்டி அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் லே கஃபே இருக்கிறது. அது முன்பு துறைமுகத்தோடு தொடர்புடைய கட்டடம். அங்கே அமர்ந்து சூடாக ஏதேனும் அருந்தியபடி குழந்தைக்கு அலைகளைக் காட்டலாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகளை விடுவதில்லை என்பதால், முதியவர் சாலையிலேயே நடக்கலாம். கடலூரைப் பற்றி என் கருத்து: ஒரு பகல்தான் இருக்கிறது, வேண்டாம்.

மறுமொழி: மஞ்சக்குப்பம் ஆசிரியை

முத்தியால்பேட்டை அண்ணன் எழுதியதில் கடைசி வரியைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். கடலூரை ஒரே சொல்லில் தள்ளிவிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஏனெனில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தமிழாசிரியரின் மகன்.

திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியபோது அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கரைசேர்த்தது என்று பெரியபுராணம் கூறும் ஊர் திருப்பாதிரிப்புலியூர். அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில், அந்தக் கடலுக்கு அருகில், பாடலீசுவரர் கோயிலுக்குள் நின்று தேவாரம் பாடுவது ஒரு தமிழாசிரியருக்கு எவ்வளவு பொருள் உடையதாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலின் உள்ளே கூரையிட்ட மண்டபங்கள் உண்டு, நனையாமல் அமரலாம். புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் அருகிலேயே இருப்பதால் முதியவர் அதிகம் நடக்க வேண்டியிராது.

ஆனால் ஒரு நிபந்தனையோடுதான் உங்களை அழைக்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூருக்குத் தொலைவு 25 கி.மீ.க்குள்தான் என்றாலும், இடையில் தென்பெண்ணையாற்றைக் கடந்தாக வேண்டும். இந்த ஆற்றின் தன்மை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. கடலூரில் வானம் தெளிந்திருக்கும், ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில் பெய்த மழையால் சாத்தனூர் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள். ஒரு நாள் கழித்து வெள்ளம் இங்கே வந்து சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் நாங்கள் பட்டது இதனால்தான். புயல் புதுச்சேரியில் கரையைக் கடந்து ஓய்ந்தபின், அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் அதிகமாகத் திறந்துவிட்ட தண்ணீர், ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது. ஆகவே நீங்கள் வரும் வாரத்தில் புதுச்சேரியின் மழை நிலவரத்தைப் பார்ப்பதோடு, சாத்தனூர் அணையிலிருந்து நீர் திறக்கப்படுகிறதா என்பதையும் செய்திகளில் பாருங்கள். வெள்ள எச்சரிக்கை இருந்தால் கடலூருக்கு வர வேண்டாம். இல்லையென்றால் சனிக்கிழமை பிற்பகலுக்குப் பதிலாக ஞாயிறு காலையில் வாருங்கள். திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பும் பயணத்தைக் கடலூரிலிருந்தே தொடங்கலாம், சனிக்கிழமையும் புதுச்சேரிக்கே முழுதாகக் கிடைத்துவிடும்.

கெடிலத்தின் கரையில் திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. ஆனால் எதிரே குன்றின் மேலுள்ள ஹயக்கிரீவர் சன்னிதிக்குப் படியேற வேண்டும், மழையில் படிகள் வழுக்கும். தந்தையாரின் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வேறொரு முறை வாருங்கள்.

மறுமொழி: வம்பாகீரப்பாளையத்தான்

ஐயா, நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். கடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மழைக்காலத்துக் கடலைப் பார்க்க விரும்பும் உங்கள் மகளின் ஆசை தவறானது அன்று. இந்தக் கடலின் முழு உருவத்தை ஐப்பசி, கார்த்திகையில்தான் பார்க்க முடியும். வாடைக்காற்று பிடித்துவிட்டால் நீரின் நிறமே மாறிவிடும். ஆறுகள் கொண்டுவரும் செம்மண்ணால் முகத்துவாரத்திலிருந்து வெகுதூரம் வரை கடல் கலங்கிக் கிடக்கும். படகுகளை வழக்கத்தைவிட மேட்டில் ஏற்றி வைத்திருப்போம். கரையில் அமர்ந்து வலை பழுதுபார்க்கும் வேலையும் அந்த நாட்களில்தான் நடக்கும். உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டியவை இவை.

ஆனால் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் கொட்டியிருக்கும் கருங்கற்களின் மேல் அவளை ஒருபோதும் இறங்க விடாதீர்கள். 1980-களின் இறுதியில் தெற்கே புதிய துறைமுகம் கட்டப்பட்டபின் வடக்கே மணல் வந்து சேர்வது தடைபட்டு, நகரின் கடற்கரையைக் கடல் அரித்துக்கொண்டது. அந்த அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள்தாம் அவை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே அண்மை ஆண்டுகளில் கொஞ்சம் மணல் மீண்டிருப்பது உண்மைதான். மழைக்காலத்தில் அந்த மணலிலும் இறங்கக் கூடாது. பாறை பாசி பிடித்து வழுக்கும். அலை எப்போது உயர்ந்து வரும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. காலை நனைத்துவிட்டு உடனே வந்துவிடுவோம் என்று சொல்லி இறங்கியவர்களை இழுத்துச் சென்ற அலைகளை எங்கள் ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள். அப்போது அவர்களைத் தேடிக் கடலில் இறங்குபவர்களும் எங்கள் பிள்ளைகள்தாம்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி, கடலூர் ஆகிய இரண்டு துறைமுகங்களிலும் ஏற்றுவார்கள், செய்தியிலும் உடனே சொல்லிவிடுவார்கள். 1, 2 ஆகியவை தொலைவில், கடலின் நடுவே தாழ்வு மண்டலமோ புயலோ இருப்பதைக் குறிக்கும். 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதைக் குறிக்கும். 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. நாங்கள் 1 ஏறியவுடனேயே ஆழ்கடலில் இருப்பவர்களைக் கரைக்கு அழைக்கத் தொடங்குவோம். உங்களுக்கு நான் சொல்வது இது: 3 ஏறிவிட்டால் கடற்கரைச் சாலைக்கே வர வேண்டாம். லே கஃபேயில் அமர்ந்து பார்க்கலாம் என்று மேலே ஐயா எழுதியிருக்கிறார். சாதாரண மழைக்கு அது சரி. கூண்டு ஏறிய நாளில் கடலை ஒட்டிய எந்தக் கட்டடத்திலும் குழந்தையோடு உட்கார வேண்டாம். அன்று காவலர்களே சாலையை அடைத்துவிடுவதும் உண்டு.

நோணாங்குப்பம் படகுத்துறையில் சுண்ணாம்பாற்றுப் படகுச் சவாரியையும் இப்படிப்பட்ட நாட்களில் நிறுத்திவிடுவார்கள். அதை நம்பி ஆட்டோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்னொன்று: கடலுக்குப் போகாத நாட்களில் உணவகத்தில் 'இன்று பிடித்த மீன்' என்று சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் கருவாட்டுக் குழம்புதான்.

மறுமொழி: உறையூர் வாசகர்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முத்தியால்பேட்டை ஐயாவின் பதிவைத் தந்தையாரிடம் படித்துக் காட்டினேன். நள ஆண்டு என்று நான் படித்ததுமே, மீதியை அவரே தொடங்கிவிட்டார். தென்னந்தோப்புப் பாடலையும் சொல்லிக்காட்டினார். கூண்டு எண்களை மகள் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டாள். கல்லில் இறங்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருக்கிறாள். அம்மையார் சொன்னபடி, அணை நிலவரம் சரியாக இருந்தால் ஞாயிறு காலையில் கடலூருக்கு வருவோம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மழை பிற்பகலிலும் ஓயாமல் பெய்தால், தந்தையார் விடுதியில் ஓய்வெடுக்கும் நேரத்தில் மகளை எங்கே அழைத்துப் போகலாம்? அருங்காட்சியகத்தில் அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுமையாக இருப்பாள் என்று தோன்றவில்லை.

மறுமொழி: இலாசுப்பேட்டைத் தாய்

எனக்கும் அந்த வயதில் ஒரு பிள்ளை இருப்பதால் சொல்கிறேன். இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. கையால் இயக்கிப் பார்க்கும் கருவிகள் இருப்பதால் பிள்ளைகளுக்கு நேரம் போவது தெரியாது. கோளரங்கக் காட்சி எத்தனை மணிக்கு என்று முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் பார்வையாளர் குறைவாக இருக்கும் மழை நாட்களில் காட்சி நேரம் மாறக்கூடும். அவ்வளவு தொலைவு போக முடியாத அளவுக்கு மழை என்றால், ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் சர்தார் வல்லபாய் படேல் சாலையில் இருக்கிறது. பருத்தித் துணித் துண்டுகளைக் கூழாக்கித் தாள் செய்யும் முறையைக் குழந்தைக்குக் காட்டலாம். தாளில் வண்ணம் நெளியும் கோலங்களை எப்படி ஏற்றுகிறார்கள் என்பதையும் அவள் விரும்பிப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

அருங்காட்சியகத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். சிலைகளின் முன் நிற்கச் சொன்னால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள் என்பது உண்மைதான். நேரே வண்டிகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போன புஸ்-புஸ் வண்டி அங்கே இருக்கிறது. முன்னால் இருப்பவர் திசையைத் திருப்ப, பின்னால் இருப்பவர் தள்ளுவார் என்று விளக்கினால், அவள் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். என் பிள்ளைக்கு அருங்காட்சியகம் பிடித்துப்போனது அந்த வண்டியால்தான்.

செருப்பைப் பற்றியும் ஒரு சொல். தேங்கிய நீரில் குழந்தையை வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். பின்பக்கம் வார் உள்ள இரப்பர் செருப்பு நல்லது. துணிக் காலணி ஒருமுறை நனைந்தால் இந்த ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் உலராது.

மறுமொழி: முத்தியால்பேட்டைக்காரர்

கடலூர் அம்மையார் சொன்ன ஞாயிற்றுக்கிழமை யோசனை என் கருத்தைவிடச் சிறந்தது. அதையே பின்பற்றுங்கள். கூண்டு ஏறிய நாளில் லே கஃபேயும் வேண்டாம் என்று வம்பாகீரப்பாளையத்துத் தம்பி எழுதியதையும் அப்படியே ஏற்கிறேன்.

திரும்பும் வழியைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் விழுப்புரம் வழியாகப் போய்த் தேசிய நெடுஞ்சாலையைப் பிடிப்பவை. 2024 டிசம்பரில் அரசூருக்கு அருகே அந்த நெடுஞ்சாலையில் வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசையில் காத்திருந்தன. ஆகவே ஞாயிறு காலையில் விழுப்புரம் பக்கத்துச் செய்தியையும் பாருங்கள். அந்த வழி தடைபட்டு, தெற்கே நிலைமை சீராக இருந்தால், திருப்பாதிரிப்புலியூர் நிலையத்திலிருந்து மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் புகைவண்டி உண்டு. பயணம் நீளும், ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்குப் பேருந்தைவிட அதில் காலை நீட்டி அமர வசதி கிடைக்கும். முன்பதிவை வெள்ளிக்கிழமையே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படாவிட்டால் விட்டுவிடலாம். தந்தையாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.